எபிசோட் 37: பிரிண்ட்தான் இனிமே நெகட்டிவ்

இந்த எபிசோட் போட்டோ பிரிண்ட் பத்தி. எடுத்த படம் எப்படி காகிதத்துக்கு வந்தது, டிஜிட்டல் வந்ததும் அந்த வழி எப்படி லேப், வீடுன்னு ரெண்டா பிரிஞ்சது, இன்னைக்கு நம்ம வீட்டுப் படங்கள் எந்த நிலைமையில இருக்கு. இந்த மூணுதான் விஷயம்.

உங்க அப்பா அம்மா கல்யாண ஆல்பம் எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். பீரோ மேல் தட்டுல இருக்கும், இல்லன்னா பரண்ல ஒரு பழைய சூட்கேஸுக்குள்ள இருக்கும். இப்போ 2007, 2008 வாக்குல ஒரு சின்ன டிஜிட்டல் கேமராவுல எடுத்த படங்களைத் தேடிப் பாருங்க. ஒரு கீறல் விழுந்த சிடி, ஆன் ஆகாத ஒரு ஹார்ட் டிஸ்க், சார்ஜர் கிடைக்காத ஒரு போன். 1985ல எடுத்த படம் இருக்கு, 2008ல எடுத்தது இல்ல. இது ஏன் இப்படி ஆச்சுன்னு பார்க்கத்தான் கொஞ்சம் வரலாறு தேவைப்படுது.

புதுச்சேரியில இருந்து ஆரம்பிக்கலாம்

நான் இருக்குறது கதிர்காமம். இங்கிருந்து வண்டியில கடற்கரைப் பக்கம் போனா செயின்ட் லூயி தெருவுல பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட் இருக்கு. 1955ல ஆரம்பிச்சது. அடுத்த வருஷத்துல இருந்தே தென்னிந்தியக் கோயில்களை முறையா படம் எடுத்து சேர்க்க ஆரம்பிச்சாங்க. சிற்பம், கோபுரம், உலோகத் திருமேனின்னு ஒரு லட்சத்துக்கும் மேல படங்கள் அங்க இருக்கு. பெரும்பாலும் கருப்பு வெள்ளை. சில கோயில்கள்ல அந்தச் சிலை இன்னைக்கு அதே இடத்துல இல்ல. அது அங்க இருந்துச்சுங்கறதுக்குச் சாட்சி இந்தப் படம்தான். காணாமப் போன சிலைகளை அடையாளம் காட்ட இந்தத் தொகுப்பு உதவியிருக்கு.

அதே இன்ஸ்டிட்யூட் வேற ஒரு வேலையும் செஞ்சது. பிரிட்டிஷ் லைப்ரரி, அழியும் நிலையில இருக்குற ஆவணங்களுக்காக ஒரு திட்டம் வெச்சிருக்கு. அதோட உதவியில, தமிழ்நாட்டு ஊர்கள்ல இருந்த பழைய ஸ்டூடியோக்களோட படங்களைத் தேடி டிஜிட்டல் பண்ணாங்க. 1880கள்ல இருந்து கிட்டத்தட்ட நூறு வருஷத்துப் படங்கள். கோயில் இல்ல, ராஜா இல்ல. சாதாரணக் குடும்பங்கள் நாற்காலியில உக்காந்து எடுத்துக்கிட்டவை. அந்தப் படங்களுக்கு எதிரிகள் யாருன்னா ஈரப்பதம், பூச்சி, கரையான், அப்புறம் கடையை மூடும்போது பழைய சாமானோட சாமானா கண்ணாடி நெகட்டிவையும் போட்டுடற பழக்கம்.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு. அந்தக் காலத்துல ஒரு படம் ரெண்டு இடத்துல இருந்துச்சு. நெகட்டிவ் ஸ்டூடியோவுல, பிரிண்ட் வீட்டுல. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கும். நான் சாஃப்ட்வேர் வேலையில இருக்கறவன். எங்க வேலையில இதுக்குப் பேரு பேக்கப். ஒரே தகவலை ரெண்டு வேற இடத்துல, ரெண்டு வேற வகைப் பொருள்ல வைக்கணும். போட்டோ ஸ்டூடியோ அண்ணன்மார் யாரும் அப்படிப் பேர் வைக்காமலே நூறு வருஷம் அதைச் செஞ்சிருக்காங்க.

வெள்ளி, ஊட்டி, அப்புறம் கலர்

பழைய கருப்பு வெள்ளை பிரிண்ட் ஏன் இவ்வளவு காலம் தாங்குது? அதுல இருக்குற கருப்பு, உண்மையான வெள்ளி. காகிதத்து மேல ஜெலட்டின் பூச்சு, அதுக்குள்ள வெள்ளி உப்பு. வெளிச்சம் பட்ட இடத்துல, டெவலப்பர் கரைசல்ல போட்டதும், உப்பு உலோக வெள்ளியா மாறும். மிச்ச உப்பை ஃபிக்ஸர் கரைச்சு எடுத்துடும். சரியா கழுவி உலர்த்தின பிரிண்ட் நூறு வருஷம் இருக்கும்.

அந்தக் காகிதத்தை நம்ம நாட்டுலயே தயாரிக்கணும்னு 1960ல ஊட்டியில ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆரம்பிச்சாங்க. மத்திய அரசு நிறுவனம். தொழில்நுட்ப உதவி பிரான்ஸோட போஷே கம்பெனி. 1967ல உற்பத்தி தொடங்குச்சு. பிராண்ட் பேரு ‘இந்து’. அந்த ஃபேக்டரி இருக்குற இடத்துக்கே இந்து நகர்னு பேரு. ஃபிலிம், போட்டோ பேப்பர், சினிமாவுக்கான பாசிட்டிவ், ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே ஃபிலிம் எல்லாம் அங்கிருந்து வந்துச்சு. கலர் வந்தப்போ கம்பெனியால ஈடு கொடுக்க முடியல. 90களின் நடுவுல நலிவடைந்த நிறுவனம்னு அறிவிச்சாங்க. பிறகு உற்பத்தியே நின்னு போச்சு.

கலர் பிரிண்ட் வேற மாதிரி. அதுலயும் வெள்ளி உப்புதான் வெளிச்சத்தைப் பிடிக்குது. ஆனா டெவலப் ஆகும்போது பக்கத்துலயே மஞ்சள், மெஜன்டா, சயான்னு மூணு சாயம் உருவாகும். அடுத்த தொட்டியில வெள்ளியை முழுசா எடுத்துடுவாங்க. கடைசியில காகிதத்துல நிக்கறது வெறும் சாயம். சாயம் மங்கும். 70கள், 80களோட ஆல்பத்தைத் திறந்தா எல்லாரும் சிவப்பா தெரியறாங்களே, அதுக்குக் காரணம் அந்தக் காலத்துப் பேப்பர்ல சயான் சாயம் முதல்ல போயிடும். ஆல்பத்தை மூடி இருட்டுல வெச்சிருந்தாலும் போயிடும். தாத்தா படம் கருப்பு வெள்ளையில பளிச்சுன்னு இருக்கு, மகனோட கல்யாணப் படம் சிவந்து போயிருக்குன்னா, தப்பு அந்த வீட்டு மேல இல்ல.

கம்பெனிகளுக்கும் இது தெரிஞ்சுது. 1984ல கோனிகா ஒரு புதுப் பேப்பரைக் கொண்டு வந்து, நூறு வருஷம் நிக்கும்னு சொல்லி வித்தாங்க. நம்ம ஊர்ல ஒரு காலத்துல தெருவுக்குத் தெரு நீலமா கோனிகா லேப் போர்டு இருந்துச்சே, அதே கோனிகா. நூறு வருஷப் பேப்பர் வித்த கம்பெனி 2006ல கேமரா, ஃபிலிம் தொழில்ல இருந்தே விலகறதா அறிவிச்சுது.

இதுக்கு நடுவுல லேபே சின்னதாச்சு. முன்னாடி சின்ன ஊர் ஸ்டூடியோவுல இருந்து கலர் ரோலைப் பெரிய ஊர் லேபுக்கு அனுப்பி, நாள்கணக்கா காத்திருக்கணும். 1976ல ஜப்பானோட நோரிட்சு ஒரு கடைக்குள்ள அடங்கற மெஷினைக் கொண்டு வந்தது. அதுதான் மினிலேப். ஒரு மணி நேரத்துல பிரிண்ட்னு போர்டு வைக்க முடிஞ்சது அதனாலதான்.

லேப் பிரிண்ட்டுக்குள்ள டிஜிட்டல் வந்த கதை

1975ல கோடக் கம்பெனியோட இன்ஜினியர் ஸ்டீவன் சாசன் முதல் டிஜிட்டல் கேமராவைச் செஞ்சார். 100க்கு 100 பிக்சல். ஒரு படத்தை கேசட்ல பதிய 23 நொடி ஆகும். அந்தக் கேமராவுல பிரிண்ட்டே கிடையாது, டிவியிலதான் பார்க்கணும். படத்தைக் காகிதம் இல்லாம யார் பார்ப்பாங்கன்னு நிர்வாகம் தயங்குச்சு. இன்னைக்கு நாம எல்லாருமே அப்படித்தான் பார்க்கறோம். கோடக் 2012 ஜனவரியில திவால் பாதுகாப்பு கேட்டு கோர்ட்டுக்குப் போச்சு.

ஆனா லேப் உடனே சாகல. ஏன்னா 1996ல ஃபியூஜி, ஃப்ரான்டியர்ங்கற டிஜிட்டல் மினிலேபைக் கொண்டு வந்தது. பழைய மெஷின்ல நெகட்டிவ் வழியா பல்பு வெளிச்சம் போய்ப் பேப்பர்ல விழும். புது மெஷின்ல சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு லேசர், ஃபைல்ல இருக்குற பிக்சலை வரி வரியா அதே பேப்பர்ல எழுதும். அதுக்கப்புறம் நடக்கறது எல்லாம் பழசுதான்: டெவலப்பர்ல சுமார் 45 நொடி, பிளீச் ஃபிக்ஸ், கழுவுதல், உலர்த்தல்.

அதாவது நீங்க பென் டிரைவ் கொடுத்து லேப்ல வாங்கற பிரிண்ட், இங்க்ல அடிச்சது இல்ல. 19ஆம் நூற்றாண்டு வெள்ளி வேதியியலோட கடைசி வாரிசு அது. விளக்கு மட்டும்தான் மாறியிருக்கு. கல்யாணத்துக்குப் போடற கரிஷ்மா ஆல்பத்துலயும் பெரும்பாலும் இதே வகைப் பேப்பர்தான், கெட்டியா ஒட்டி பைண்ட் பண்ணியிருப்பாங்க.

லேப்ல பிரிண்ட் போட்டா தலை வெட்டுப்படுதுன்னு நிறைய பேர் சொல்லுவாங்க. அதுக்கும் ஒரு வரலாறு இருக்கு. 1925ல லைக்கா கேமரா சந்தைக்கு வந்தப்போ, சினிமா ஃபிலிமை எடுத்துப் படுக்கவெச்சு 36க்கு 24 மில்லிமீட்டர்னு ஒரு ஃப்ரேம் வெச்சாங்க. அது 3க்கு 2. அதுக்குப் பொருந்தற மாதிரி வந்தது 6க்கு 4 பிரிண்ட், நம்ம ஊர் பாஷையில மேக்ஸி சைஸ். நம்ம போன் எடுக்கறது 4க்கு 3. அந்தப் படத்தை 6க்கு 4 பேப்பர் நிறைய அடிச்சா, மேலயோ கீழயோ ஒரு துண்டு போயே ஆகணும். லேப் சாஃப்ட்வேர் நடுவுல வெச்சு வெட்டும். அதுக்கு உங்க பாட்டி தலை எங்க இருக்குன்னு தெரியாது. நூறு வருஷத்துக்கு முன்னாடி எடுத்த ஒரு முடிவு இன்னைக்கும் தலையை வெட்டுது. வழி சுலபம்: நீங்களே 3க்கு 2ல கிராப் பண்ணிக் கொடுங்க, இல்லன்னா வெள்ளை பார்டர் விட்டு அடிக்கச் சொல்லுங்க.

கலர் விஷயமும் அப்படித்தான். 1996ல ஹெச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து எஸ்ஆர்ஜிபின்னு ஒரு பொதுவான கலர் கணக்கு வெச்சாங்க. உங்க ஸ்க்ரீன்ல தெரியற புடவைக் கலரும் லேப்ல வர்ற புடவைக் கலரும் ஓரளவுக்காவது ஒத்துப் போகுதுன்னா அதுதான் காரணம்.

வீட்டுக்கு வந்த பிரிண்டர்

வீட்டுப் பிரிண்டர் கதை தனி. 1977ல கேனன் ஆராய்ச்சிக்கூடத்துல, சூடான சால்டரிங் அயர்ன் தற்செயலா ஒரு சிரிஞ்ச் ஊசியில பட்டு, உள்ள இருந்த இங்க் தெறிச்சது. அதுல இருந்து பபிள் ஜெட் பிறந்தது. எப்சன் வேற வழியில போச்சு. சூடு இல்லாம, மின்சாரம் கொடுத்தா அசையற பீசோ படிகத்தால இங்க்கைத் தள்ளுற வழி. 1994ல வந்த ஸ்டைலஸ் கலர் 720 டிபிஐ. வீட்டு மேசையில போட்டோ மாதிரி ஒண்ணு வர ஆரம்பிச்சது அப்போதான்.

மாதிரின்னு சொல்றதுக்குக் காரணம் இருக்கு. 2000ல எப்சன் ஸ்டைலஸ் போட்டோ 870, 1270னு ரெண்டு மாடல் கொண்டு வந்தது. பிரிண்ட் பல வருஷம் மங்காதுன்னு விளம்பரம். வாங்கினவங்க சிலரோட படங்கள் சில வாரத்துலயே ஆரஞ்சு கலராச்சு. காரணம் வெளிச்சம் இல்ல. காத்துல இருக்குற ஓசோன். பேப்பர் மேல இருந்த நுண்ணிய துளைகள் வழியா போய் சயான் சாயத்தை அழிச்சுது. பழைய கலர் பேப்பர்ல முதல்ல போனதும் சயான், இங்கயும் சயான். அதுக்கப்புறம்தான் கண்ணாடி போடாம மாட்டினா எவ்வளவு நாள், கண்ணாடி போட்டா எவ்வளவு நாள்னு தனித்தனியா கணக்கு சொல்ல ஆரம்பிச்சாங்க. சாயத்துக்குப் பதில் நுண்துகள் இருக்குற பிக்மென்ட் இங்க் மேல கவனம் போச்சு.

பெட்டியில எழுதியிருக்குற வருஷக் கணக்கைப் பத்தி ஒண்ணு. ஹென்றி வில்ஹெல்ம்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளரோட சோதனைகளை வெச்சு நிறைய கம்பெனிகள் அந்த எண்ணைப் போடறாங்க. அந்தச் சோதனையோட அடிப்படை: 24 டிகிரி வெப்பம், 60 சதவீத ஈரப்பதம். புதுச்சேரியில கடலுக்கு இவ்வளவு பக்கத்துல அந்த ரெண்டும் சேர்ந்து கிடைக்கற நாள் வருஷத்துல எத்தனைன்னு நீங்களே சொல்லுங்க. நூறுன்னு போட்டிருந்தா நூறுன்னு எடுத்துக்காதீங்க. இந்த இங்க் அந்த இங்க்கைவிட மேலா இல்லையான்னு ஒப்பிட மட்டும் வெச்சுக்கங்க.

வீட்டுப் பிரிண்டர் இங்க பரவினது கார்ட்ரிட்ஜ் விலையைத் தாண்டின பிறகுதான். சர்வீஸ் கடைக்காரங்க பிரிண்டருக்கு வெளியில பாட்டில் வெச்சு ட்யூப் போட்டு இங்க் ஊத்தினாங்க. இந்தோனேசியாவுலயும் அதே வேலை நடந்துச்சு. அதைத் தடுக்கறதைவிட நாமளே செய்யலாம்னு எப்சன் 2010ல இந்தோனேசியாவுல முதல் இங்க் டேங்க் பிரிண்டரை இறக்குச்சு. அப்புறம் இந்தியாவுக்கும் வந்துச்சு. ஆறு கலர் எல்800 மாடல் ஸ்டூடியோக்களுக்குள்ள நுழைஞ்சது அப்படித்தான். இன்னைக்கு அஞ்சு நிமிஷத்துல கையில கிடைக்கற பாஸ்போர்ட் சைஸ் படம் பெரும்பாலும் இந்த வகை மெஷின்ல வர்றது. ஸ்டூடியோவுல வாங்கினதாலேயே அது லேப் பிரிண்ட் ஆகாது. கேட்டுத் தெரிஞ்சுக்கங்க.

வீட்டுல அடிக்கறது மட்டமா? கட்டாயம் இல்ல. நல்ல ஆர்சி பேப்பரும் கம்பெனி இங்க்கும் போட்டா அருமையா வரும். ஆனா கடையில மலிவா கிடைக்கற 180 ஜிஎஸ்எம் பளபளப்புப் பேப்பர் நிறைய சாதாரணக் காகிதத்து மேல பூச்சு பூசினது. மழைக்காலத்துல சுருளும், விரல்ல ஈரம் இருந்தா கறை ஒட்டும். இன்னொண்ணு, பிரிண்டரை ரெண்டு மாசம் சும்மா வெச்சா ஹெட் அடைச்சுக்கும். சுத்தம் பண்ணவே பாதி இங்க் போகும். வாரத்துக்கு நாலு படம் அடிக்கறவங்களுக்கு வீட்டுப் பிரிண்டர் சரி. தீபாவளிக்குத் தீபாவளி அடிக்கறவங்களுக்கு லேப்தான் லாபம்.

மாலை போடற படம்

எங்க கதிர்காமம் பக்கத்துல ஸ்டூடியோ வெச்சிருக்குற ஒரு அண்ணன்கிட்ட இந்த எபிசோடுக்காகப் பேசினேன். “தம்பி, இப்போ பிரிண்ட் போட வர்றது ரெண்டு பேர்தான். அப்ளிகேஷனுக்கு பாஸ்போர்ட் சைஸ் கேக்கறவங்க, மாலை போடப் படம் கேக்கறவங்க”ன்னார். மெடிக்கல் காலேஜ் பக்கத்துல இருக்கறதால முதல் வகைக்குக் குறைவில்லையாம்.

ரெண்டாவது வகையைக் கேட்டப்போ அவர் மொபைலைத் திறந்து காட்டினார். இறந்தவங்க வீட்டுல இருந்து ராத்திரியில வாட்ஸ்அப்ல வர்ற படங்கள். ஏதோ கல்யாணத்துல பத்துப் பேர் நிக்கற குரூப் போட்டோ. அதுல ஒரு முகத்தைச் சுத்தி வட்டம் போட்டு, “அண்ணே, காலையில ஏழு மணிக்குள்ள 12க்கு 18 ஃப்ரேம் வேணும்”னு ஒரு செய்தி.

கணக்குப் போட்டுப் பாருங்க. வாட்ஸ்அப் சாதாரணமா படத்தோட நீளப் பக்கத்தைச் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருக்கும். முழுப் படத்தை 6 இஞ்சுக்கு அடிச்சா இஞ்சுக்கு 266 பிக்சல், நல்லா இருக்கும். 18 இஞ்சுக்கு அடிச்சா 89. அந்தப் பத்துப் பேர்ல ஒரு முகம்னா நூத்தைம்பது பிக்சல் தேறினா பெரிசு. அதை வெச்சு அண்ணன் சட்டை வரைஞ்சு, பின்னணி மாத்தி, முகத்தை மென்மையாக்கிக் கொடுப்பார். வீட்டுல எல்லாரும் அழுதுகிட்டே வாங்கிக்குவாங்க. அடுத்த முப்பது வருஷத்துக்கு அந்த மனுஷன் முகம் அந்த வீட்டுல அதுதான். அவரை ஆயிரம் தடவை போன்ல எடுத்திருப்பாங்க. ஒரிஜினல் எதுவும் அந்த ராத்திரியில கைக்குக் கிடைக்கல, அவ்வளவுதான். போன் லாக்கா இருக்கும், மெயில் பாஸ்வேர்டு போனவருக்கு மட்டும் தெரிஞ்சிருக்கும்.

நெகட்டிவ் இருந்த காலத்துல ரெண்டு இடம்னு சொன்னேனே, இப்போ நமக்கு ஆயிரம் காப்பி இருக்கு, ஆனா ஒரே ஒரு சாவி. அதனாலதான் சொல்றேன், இனிமே நெகட்டிவோட வேலையைப் பிரிண்ட்தான் செய்யணும். மின்சாரமோ பாஸ்வேர்டோ கம்பெனியோ இல்லாம கண்ணால படிக்க முடியற ஒரே காப்பி அதுதான்.

தண்ணி வந்தா

காகிதம் மட்டும் போதுமான்னு கேட்டா, போதாது. 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல்ல புதுச்சேரியில ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல மழை. நிறைய வீடுகள்ல கீழ்த்தட்டு பீரோ முழுகுச்சு.

அப்படி நனைஞ்சா, லேப் பிரிண்ட்டும் பழைய கருப்பு வெள்ளைப் பிரிண்ட்டும் பெரும்பாலும் பிழைக்கும், ஏன்னா அது பிறந்ததே தண்ணியில. காயறதுக்கு முன்னாடி ஆல்பத்துல இருந்து எடுத்து, சுத்தமான குளிர்ந்த தண்ணியில மெதுவா அலசி, படம் மேல பார்க்க நிழல்ல காய வைக்கணும். ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் காய்ஞ்சிருந்தா பிடிச்சு இழுக்காதீங்க, ஜெலட்டின் பேர்த்துக்கும். ஃப்ரேம் கண்ணாடியில ஒட்டியிருந்தா, கண்ணாடியோடவே ஸ்கேன் பண்ணிடுங்க. சாய இங்க்ல அடிச்ச வீட்டுப் பிரிண்ட்டை மட்டும் தண்ணியில போடவே கூடாது, கலர் ஓடிடும். எந்தப் பிரிண்ட் எந்த வகைன்னு தெரிஞ்சிருக்கணும்னு இவ்வளவு நேரம் சொன்னதுக்கு ஒரு காரணம் இது.

என்ன செய்யலாம்

வருஷத்துக்கு இருபது படம் போதும். எல்லாத்தையும் பிரிண்ட் போடணும்னு நினைச்சா எதையுமே போட மாட்டோம். போன்ல இருந்து ஒரிஜினல் ஃபைலை எடுங்க. வாட்ஸ்அப்ல வந்தது வேண்டாம். லேப்ல சில்வர் பேப்பர் பிரிண்ட்டான்னு கேட்டுப் போடுங்க. ரொம்ப முக்கியமான நாலஞ்சை மட்டும் 8க்கு 12ல போடுங்க. மேக்ஸி சைஸை 300 டிபிஐல திரும்ப ஸ்கேன் பண்ணா 21 லட்சம் பிக்சல்தான் கிடைக்கும். 8க்கு 12ல 86 லட்சம். நெகட்டிவா பயன்படணும்னா இந்த வித்தியாசம் பெரிசு. அதுல வீட்டுப் பெரியவங்க ஒவ்வொருத்தருக்கும் தனியா, நல்ல வெளிச்சத்துல எடுத்த ஒரு முகம் இருக்கட்டும். எதுக்குன்னு அவங்ககிட்ட சொல்ல வேண்டியதில்லை.

பின்பக்கத்துல பேர், ஊர், வருஷம் எழுதுங்க. போட்டோ பேப்பர் பின்பக்கம் வழுவழுப்பா இருக்கும், பால்பாயிண்ட் பேனா அழுத்தினா முன்பக்கம் தடம் விழும். காயற மார்க்கர் நல்லது. புதுச்சேரியில பழைய வீடுகள்ல சைகோன்லயும் பாரிஸ்லயும் இருந்து வந்த படங்களைப் பார்க்கலாம். யூனிஃபார்ம் போட்டு நிக்கறவர் முகம் தெளிவா இருக்கும், யாருன்னு சொல்ல ஆள் இருக்காது. வெள்ளி முகத்தைக் காப்பாத்தும், பேரை நாமதான் எழுதணும்.

அவ்வளவுதான் இந்த வாரம். உங்க ஊர் லேப் கதை, பழைய ஸ்டூடியோ கதை இருந்தா அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல படிக்கறேன்.